அழுதால்தான் ஆபரேஷன்

காலை ஒன்பது மணிக்குள் ஒரு குழந்தையை அழவைத்தாக வேண்டும். அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் வருஷம் படிக்கும் டாக்டர் நாகஜோதிக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

குழந்தை பெயர் தர்ஷிகா. மூன்று வயது, ஊர் வருசநாடு. அடிவயிற்று ஓரத்தில் குடலிறக்கம். பிறக்கும் முன்பே மூடியிருக்க வேண்டிய ஒரு சின்ன வழி மூடாமல் கிடந்தால், அதில் குடல் எட்டிப் பார்க்கும். இருமினால், அழுதால், மூச்சை முக்கினால் வீங்கும். சும்மா இருந்தால் உள்ளே போய்விடும். இருமல் இருந்த வாரமெல்லாம் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்து வந்து போன வீக்கம், தேனி பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறியதும் மாயமாகிவிட்டது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

தலைமை டாக்டர் சுயம்புலிங்கமோ, தன் கண்ணால் வீக்கத்தைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் மேஜையில் ஏற்ற மாட்டார். அப்பா சின்னக்கருப்பு செல்போனில் எடுத்துவைத்திருந்த படத்தை நேற்றே காட்டிப் பார்த்தார்.

"அப்ப போனுக்கே ஆபரேஷன் பண்ணிருவமா?" என்று கேட்டுவிட்டார் பெரிய டாக்டர்.

காலை ரவுண்ட்ஸில் வீக்கம் தெரிந்தால் ஆபரேஷன். அதை நாகஜோதியே செய்யலாம். தெரியாவிட்டால் பிள்ளை வீட்டுக்கு. இரண்டு வருஷமாக அவள் செய்ததெல்லாம் அடுத்தவர் வெட்டுவதற்குத் தசையை இழுத்துப் பிடித்ததுதான். அடுத்த வாரம் வேறு பிரிவுக்கு மாற்றம். இதை விட்டால் போச்சு.

ஊசியைக் காட்டினாள். தர்ஷிகா சந்தோஷமாகக் கையை நீட்டினாள். கையுறையைக் கொடுத்து ஊதச் சொன்னாள்.

"நீ ஊது" என்றது பிள்ளை. ஊதி ஊதி நாகஜோதிக்குத்தான் மூச்சு வாங்கியது.

"இவ அழுக மாட்டா டாக்டரம்மா. தடுப்பூசி போட்டாகல்ல, அந்த நர்சம்மாவுக்கே டாட்டா காட்டுனவ" என்றார் சின்னக்கருப்பு. பெருமை வேறு!

"லேசாக் கிள்ளிப் பாப்பமா ஆத்தா?" என்று காதைக் கடித்தாள் வார்டு ஆயா ராமுத்தாய். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது டாக்டருக்கு அழகா? நாகஜோதி ஒரு கணம் யோசித்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது மணிக்குச் சுயம்புலிங்கம் பரிவாரத்தோடு வந்து நின்றார். பிள்ளையின் வயிறு வழுவழுவென்று இருந்தது.

"எங்கம்மா வீக்கம்?"

"இருந்துச்சு சார்..."

"வீட்டுக்கு அனுப்பு."

அவ்வளவுதான். எத்தனை திட்டு வாங்கினாலும் கல்லாக நிற்கும் நாகஜோதி, பத்துப் பேர் முன்னால் உதட்டைப் பிதுக்கி, மூக்கை உறிஞ்சி, ஓவென்று அழுதுவிட்டாள்.

தர்ஷிகா வாயைப் பிளந்து பார்த்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் அழுவதை அவள் கண்டதேயில்லை. பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. கட்டிலில் எழுந்து நின்று, மூச்சு முட்ட, முகம் சிவக்கச் சிரித்தாள். அடிவயிற்றின் வலது ஓரத்தில் எலுமிச்சங்காய் மெல்லத் தலை நீட்டியது.

"ஐயா! இங்கன பாருங்க, வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கத்தினார் சின்னக்கருப்பு.

சுயம்புலிங்கம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நாளைக்கு மொதக் கேஸ். நாகஜோதி பண்ணட்டும், நான் கூட நிக்கிறேன்."

கேட்ட சந்தோஷத்தில் நாகஜோதிக்கு முன்னைவிடப் பெரிய அழுகை வந்தது. தர்ஷிகா முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தாள். வீக்கமும் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

"ஏம்மா, போதும்மா! பாத்தாச்சு!" என்றார் சுயம்புலிங்கம்.