தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

ஏழாவது ஊசிக்கு இடம் தேடி ஜேனட் சிஸ்டர் அனகாவின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றி ஆறு இடங்கள் தடித்துக் கன்றியிருந்தன. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் அனகா. அது பொய்யில்லை. அப்பா இறந்து ஐந்து நாளாகியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை, பசிக்கவுமில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அம்மா சத்யபாமா தன் முறைக்காகச் சேலையைத் தளர்த்திக்கொண்டு நின்றாள்.

அப்பா தங்கப்பன் பாறசாலைச் சந்தையில் சுமடு எடுப்பவர், மூட்டை தூக்குகிற வேலை. ஜனவரியில் ஒரு நாய்க்குட்டிக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போடப்போனபோது, அது அவர் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. சுண்ணாம்பு தடவினார், ஆறியது. மூன்று நாள் கழித்து அந்தக் குட்டி ரயில் பாதையோரம் செத்துக் கிடந்ததைப் பார்த்தவரும் அவர்தான். ஏழு வாரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த விரல் மரத்தது, காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் சாயா டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவரின் தொண்டை இறுகிக்கொண்டது. தண்ணீர்ச் செம்பைக் கண்டாலே உடல் தூக்கிப் போட்டது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் இருந்தார்.

அவர் வாயில் வழிந்ததைத் துடைத்தது அம்மாவும் மகளும்தான். அண்டியாபீசில் முந்திரி உடைத்து உடைத்து, கொட்டையின் எண்ணெய் பட்டு அம்மாவின் விரல்களில் தோல் வெந்து வெடித்திருக்கும். அனகாவுக்கும் நகக்கண்ணில் கீறல் இருந்தது. அதைப் பார்த்த டாக்டர் இருவருக்கும் பதினான்கு நாள் ஊசி எழுதிவிட்டார்.

இத்தனை ஊசி எதற்கு என்று இரண்டாம் நாள் அம்மா கேட்டாள். ஜேனட் சிஸ்டர் பஞ்சை அழுத்தியபடி பொறுமையாகச் சொன்னாள். உள்ளே ஏற்றுவது செத்துப்போன கிருமியைத்தான். உடம்பு அதைப் பார்த்துப் பகை இன்னதென்று அறிந்துகொள்ளும், அதை எதிர்க்க வேண்டியதை ரத்தத்தில் செய்துவைக்கும், அதற்குச் சில நாள் ஆகும். உயிருள்ள கிருமி கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறும். அது போய்ச் சேரும் முன் உடம்பு தயாராகிவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஏறுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று அம்மா கேட்டாள்.

சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் என்றாள் சிஸ்டர். அம்மா விரல்விட்டு வாரங்களை எண்ணினாள்.

இதெல்லாம் அனகாவுக்கு முன்பே தெரியும். தனுவச்சபுரம் கல்லூரியில் ப்ரீடிகிரி இரண்டாம் வருடம், செகண்ட் குரூப், உயிரியல் பிரிவு. அப்பாவைக் குட்டி கடித்த மறுநாள் விலங்கியல் மாதிரித் தேர்வு. காலையில் வெள்ளணுக்கள், எதிர்ப்பொருள், செயற்கையாகப் பெறும் எதிர்ப்புச் சக்தி என்று கண்ணை மூடி உருப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அப்பா விரலைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "மக்கா, நாய்க்குட்டி கடிச்சா ஊசி போடணுமோ? ஒனக்க புஸ்தகத்துல உண்டா?"

அவள் தலையைத் தூக்கவில்லை. "குட்டிதானேப்பா. வெறிபிடிச்ச பேப்பட்டி கடிச்சாதான் ஊசி."

அன்று பத்து மணிக்குத் தேர்வில், தடுப்பூசிக்கு உதாரணம் கேட்ட இடத்தில், இரண்டாவதாக வெறிநாய்க்கடி ஊசியை எழுதினாள். ஐந்துக்கு ஐந்து கிடைத்தது.

பதினோராவது ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ் அமரவிளைப் பாலத்தில் நின்றுவிட்டது. செக்போஸ்ட்டில் லாரிகள். வெயில் மடியில் விழுந்தது. கீழே ஆற்றில் யாரோ எருமையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடியே அனகா சொன்னாள். "அப்பா எனக்கிட்ட கேட்டாரு. ஊசி போடணுமான்னு. வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அம்மா முன்சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கிட்டயும் கேட்டாரு மக்கா," என்றாள். "ஆபீசுல மணியடிக்க நேரமாச்சுன்னு நான் ஓடினேன்."

பஸ் கிளம்பியது. இருவரும் அழவில்லை. பாறசாலையில் இறங்கி, கறிக்குக் கால் கிலோ உள்ளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். அன்று ராத்திரி இருவரும் சோறு தின்றார்கள்.

பதினான்காம் நாள் ஊசி வரிசை வராந்தா முடியும்வரை நீண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால் பொழியூரிலிருந்து வந்த பத்ரோஸ் நின்றார். கடலுக்குப் போகிறவர், நல்ல உயரம். காலையில் தெருநாய் கெண்டைக்காலைக் கடித்திருக்கிறது. காயத்தின்மேல் காப்பித்தூளை அப்பியிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சின்னக் கடியாக்கும். நாளைக்கு வாறேன்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லி வரிசையை விட்டு விலகினார்.

அனகாவின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"நாளைக்கு வேண்டாம்ண்ணா. இப்ப வாங்க."

அவர் திகைத்து அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சொன்னதைக் கேளுங்க," என்றாள்.

வராந்தா ஓரக் குழாயடிக்கு அனகா அவரை அழைத்துப்போனாள். ஜேனட் சிஸ்டரிடம் ஒரு துண்டுச் சோப்பு கிடைத்தது. பல் பதிந்த இடத்தில் சோப்பைக் குழைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். காப்பித்தூள் கரைந்து கலங்கலாக ஓடியது. அவர் காலை இழுக்கப் பார்த்தார். "போரும் பிள்ளே. போச்சுல்லா."

"போகல்ல. இன்னும் கொஞ்ச நேரம்."

இனி வரவேண்டிய மற்ற நாட்களில் இவர் வருவாரா, கடலுக்குப் போய்விடுவாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து சிஸ்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அனகா எழுந்திருக்கவில்லை. பாவாடை நுனி நனைந்து கனத்தது. வெள்ளை நுரை அவர் குதிகாலைச் சுற்றி வழிந்து, சிமெண்டு ஓடையில் இறங்கி, வெயிலுக்குள் போய்க்கொண்டிருந்தது.