வில்மொட் மனைவியின் கோட்

சனிக்கிழமைகளில் கிளென் வேவர்லி தேவாலயத்தார் பிறர் கொடுத்த பழைய உடுப்புகளை விற்கும் கடையைத் திறக்கும்போதே வேதவல்லி வாசலில் நிற்பாள். புலம்பெயர்ந்து வருமுன் கொழும்பில் தையல் படிப்பித்தவள். தொங்கும் உடுப்புகளைத் தொட்டே நல்ல துணியைக் கண்டுபிடித்துவிடுவாள். கழுத்துப்பட்டியைத் திருப்பினால் பாரிஸ், ரோம் என்று பேர்பெற்ற தையற்காரர்களின் பெயர் இருக்கும்.

அவள் எடுத்தவற்றில் திறமானவை எல்லாம் சந்திரகலாவுக்குப் போயின. சந்திரகலாவின் கணவர் டொக்டர். தன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேதவல்லியின் கணவன் மகேந்திரராஜாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். அந்த நன்றிக்கு வேதவல்லி உடுப்புகளைக் கழுவி, அளவு பிடித்துத் தைத்து, அயன் பண்ணிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கணவர் வெளிநாட்டில் வாங்கி வந்தது என்று சொல்லிச் சந்திரகலா போடுவாள். வேதவல்லி வாய் திறந்ததில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு, சந்திரகலாவின் மகளுடைய பிறந்தநாள். தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரேயொரு நீலப் பட்டுக் கவுனில் வேதவல்லி போயிருந்தாள். யாரோ அதைப் புகழ்ந்தார்கள்.

"அது என்ர பழசு," என்றாள் சந்திரகலா, கேக் தட்டை நீட்டியபடி. "ஏன் எறிவான் எண்டு வேதாவுக்குக் குடுத்தனான். பாவம், நான் கழிச்சதுகளைத்தான் அவ போடுறவ."

எல்லோரும் வேதவல்லியைப் பார்த்தார்கள். மகேந்திரராஜா தன் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்றாள் வேதவல்லி. "அக்கா தந்தது."

யூலைக் குளிரில் கடைக்குக் கருஞ்சிவப்பு வெல்வெற் கோட் ஒன்று வந்தது. உதவிக்கு நின்ற வெள்ளைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "டொக்டர் வில்மொட்டின் மனைவியுடையது. போன மாதம் செத்துப்போனாள். அவர் அலுமாரியைத் திறந்து பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் கட்டி அனுப்பச் சொல்லிவிட்டார்."

வில்மொட், சந்திரகலாவின் கணவர் வேலைசெய்யும் ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியர். வேதவல்லி கோட்டை வாங்கினாள். வீட்டில் தோள்பட்டையைச் சரிசெய்தாள். கைமடிப்புக்குள் சிகரெட் சுட்ட சிறு ஓட்டை இருந்தது. அதை மட்டும் தைக்காமல் விட்டாள்.

"பாரிஸ் கோட், அக்கா. ஆஸ்பத்திரி டின்னருக்குப் போடுங்கோ."

"நீர் கெட்டிக்காரி," என்றாள் சந்திரகலா, கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்து.

டின்னர் மண்டப வாசலில் வில்மொட் நின்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். சந்திரகலாவைக் கண்டதும் அவர் கை பாதியில் நின்றது.

"இது எங்கே கிடைத்தது?"

"பாரிஸில். என் கணவர் வாங்கி வந்தார்."

வில்மொட் அவளுடைய கைமடிப்பைத் திருப்பினார். ஓட்டையில் விரலை வைத்தார். "இது என் சிகரெட் சுட்டது," என்றார். "மார்கரெட் ஒரு கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை."

அவர் பிடியை விடவில்லை. சந்திரகலா பொத்தான்களைக் கழற்றி, கோட்டை அவரிடமே விட்டு விலகினாள். அவர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அழுதார். இரண்டு நேர்ஸ்மார் வந்து அவரை அழைத்துப்போனார்கள்.

"உமக்குத் தெரியும்தானே?" என்று சந்திரகலா, கணவனோடு டின்னருக்கு வந்திருந்த வேதவல்லியிடம் சீறினாள்.

"எனக்கென்ன தெரியும், அக்கா? நீங்கள் கழிச்சதுகளைப் போடுறவள் நான்."

காரில் மகேந்திரராஜா அதையே கேட்டான். "தெரிஞ்சுதான் குடுத்தனீரோ?"

"ஓம்."



திங்கட்கிழமை வில்மொட் ஆய்வுகூடத்துக்கே வந்து மகேந்திரராஜாவிடம் கேட்டார்: உங்கள் மனைவிக்கு அந்தக் கடை பழக்கம் என்று தேவாலயத்தார் சொன்னார்கள், மற்ற உடுப்புகளைத் தேட என்னோடு வருவாரா?

சனிக்கிழமை வேதவல்லி போனாள். அவருக்குத் தன் மனைவியின் உடுப்புகள் சரியாக நினைவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். "இதுவா? இதுவாக இருக்குமா?" என்று அவளிடம் கேட்டார். மார்கரெட்டுடையவை எல்லாம் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. கடை பூட்டும் நேரம்வரை அவர் தேடினார், அவளும் கூடவே தேடினாள்.

வாசலில் அவர் தொப்பியைக் கழற்றினார். "நீங்கள் மிகவும் நல்லவர், அம்மா," என்றார். "அடுத்த சனிக்கிழமையும் வருவீர்களா?"

வேதவல்லி வருவதாகச் சொன்னாள்.