தொண்ணூற்று நாலு மதிப்பெண்

எண்பத்தொரு வயது எய்சோவிடம், வாங்குகிற மருந்தையெல்லாம் கடைக்காரர்கள் பதிந்து தருகிற மருந்துக் குறிப்பேடுகள் மூன்று இருந்தன. மூட்டு டாக்டருக்கு ஒன்று, தோல் டாக்டருக்கு ஒன்று, தூக்க மாத்திரை எழுதித் தருகிறவருக்கு ஒன்று. ஊரே ஒரே குறிப்பேட்டைத்தான் எல்லா மருந்துக்கடையிலும் நீட்டும். எய்சோவுக்கு அது ஆகாது. ஒரு டாக்டரின் சங்கதியை இன்னொருவருக்குக் காட்டினால் அவர் மனம் புண்படுமாம். டாக்டர்களின் மனதுக்கு இப்படி உருகுகிற மனிதர், எதிரே சைக்கிளில் வருகிறவனின் உயிரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

"இதைப் போட்டா தூக்கம் வரும். கார் ஓட்டுவீங்களா ஐயா?" என்று அவர் தனித்தனியாக மருந்து வாங்கிய மூன்று கடையிலும் கேட்டார்கள்.

"நான் எங்கம்மா ஓட்டுறேன்? எல்லாம் என் சம்சாரந்தான்."

அவர் சம்சாரம் கினுயேவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

போன மாதம் லைசென்ஸைப் புதுப்பிக்க, வயதானவர்களுக்கு வைக்கிற ஞாபகப் பரீட்சை வந்தது. மூன்று நாள் முன்பிருந்தே எய்சோ ஒரு மாத்திரையையும் தொடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார், முதுகைத் தூணில் தேய்த்துச் சொறிந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு போய் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு வாங்கி வந்தார். தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினார். அன்றே எல்லா மாத்திரைகளும் திரும்பி வந்தன.

"பாத்தியா கினுயே, மூளை கத்தி மாதிரி இருக்கு!"

"கத்திக்கு எதுக்குங்க மூணு கலர்ல மாத்திரை?"

"உனக்குப் பொறாமைடி."

அன்றோடு அவர் காரில் ஏறுவதை அவள் விட்டாள். அவர் செத்துப்போவார் என்ற பயம் அவளுக்கு இல்லை. யாரையாவது கொன்றுவிட்டு, சூப் ஆறிவிட்டதே என்று வீட்டில் வந்து உட்காருவார் என்றுதான் பயம்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனாள். பள்ளிக்கூடத்து சிக்னலில் பஸ் நின்றது. பச்சை விழுந்தது, நகரவில்லை. மறுபடி பச்சை விழுந்தது, அப்போதும் நகரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். கினுயே எட்டிப் பார்த்தாள். முன்னால் ஒரு வெள்ளைக் கார். பின்பக்கம் நசுங்கியிருந்தது. வீட்டு மரத்தில் இடித்துவிட்டு, மரம் தப்பான இடத்தில் நிற்கிறது என்று எய்சோ திட்டிய அதே நசுங்கல்.

மீண்டும் சிவப்பு. மஞ்சள் தொப்பிப் பிள்ளைகள் குறுக்கே நடக்கத் தொடங்கினார்கள். கார் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தது.

"கதவைத் திறங்க! அது எங்க வீட்டுக்காரர்!"

இறங்கி ஓடினாள். இடப்பக்கக் கதவை இழுத்தாள். எய்சோ தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார், கால் பிரேக்கிலிருந்து நழுவியிருந்தது. உள்ளே பாய்ந்து, கியரை 'பார்க்'குக்குத் தள்ளினாள். கார் குலுங்கி நின்றது. ஒரு மஞ்சள் தொப்பி பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்று அவளைப் பார்த்தது. கினுயே சாவியை உருவிக்கொண்டாள்.

எய்சோ கண்ணைத் திறந்தார். "என்ன, பச்சை விழுந்துடுச்சா?"

"ரெண்டு தடவை விழுந்துச்சு."

"சாவியைக் குடு. தொண்ணூத்தி நாலு வாங்கினவன்டி நான்!"

"அது மாத்திரை போடாத ஆளு வாங்கின மார்க்குங்க," என்றாள் கினுயே. "அந்த ஆளு வந்து கேக்கட்டும், குடுக்கிறேன்."