பிஸ்மி சொல்லாத பால்

இப்போதெல்லாம் எதுவும் அச்சில் வந்தால்தான் ஆட்களுக்கு உண்மை. நிவித்திகலயில் இறப்பர் வாங்குகிற ஜாபிரும் அந்த ரகம்தான். இத்தாலிக்காரன் ஹபஷா, அதாவது அபிசீனியா, நாட்டில் குண்டு போடுகிறான், அவன் லாரிச் சக்கரமெல்லாம் இறப்பர் என்று என் பெண்சாதி சித்தி மரியம் காதில் விழும்படி பேப்பர் வாசித்தவன் அவன்.

நான் இறப்பர் மரத்தில் பால் வெட்டிக் கொண்டுவந்தால், சித்தி மரியம் அதைத் தட்டுகளில் ஊற்றி அசிட் விட்டு உறையவைப்பாள். அரிசியை உலையில் போடுகிற மாதிரி, தட்டுக்குத் தட்டு பிஸ்மி சொல்லித்தான் விடுவாள். ஜாபிர் பேப்பர் வாசித்த அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். நபிநாயகத்தின் தோழர்கள் ஊரைவிட்டு ஓடியபோது அடைக்கலம் கொடுத்த நாடு அது, அந்த மக்கள் மேல் ஏறுகிற சக்கரத்துக்கு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லமாட்டேன் என்றாள். ஊமை மாதிரி அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் குரல் இல்லாமல் எங்கள் கொட்டிலில் பால் உறைந்ததில்லை.

அடுத்த மாதம் உறைந்து காய்ந்த இறப்பர் சீட்டுகளைக் கொண்டுபோய் இறக்கினபோது ஜாபிர் மறுபடியும் பேப்பரை விரித்தான். இத்தாலிக்கு ஆயுதமும் போகக் கூடாது, இறப்பரும் போகக் கூடாது என்று கவர்மெண்ட் தடுத்துவிட்டதாம்.

"எண்ணெய்?" என்று கேட்டேன்.

"எண்ணெய்க்குத் தடை இல்ல மாமா."

"அப்ப லாரி ஓடுமே."

கப்பலில் ஏறின சீட்டு நடுக்கடலில் எந்தப் பக்கம் திரும்பும் என்றும் கேட்டேன். அவன் தராசைத் துடைக்கத் தொடங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து தடையையும் எண்ணெயையும் சொன்னேன். பாதியை மறைத்துப் பேச அவளிடம் எனக்கு வராது, ஆனாலும் கப்பல் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"எண்ணெய் நம்மட மரத்திலயா வடியுது?" என்றாள்.

"இல்ல."

"அப்ப அதுக்கு எண்ணெய் விக்கிறவங்க பதில் சொல்லட்டும். நம்மட பால் போகாது தானே?"

"போகாதுன்னு ஜாபிர் சொல்றான்."

"நீங்க?"

"நான் ஒருத்தனையும் நம்புறதில்ல."

"அது தெரிஞ்சுதானே கலியாணம் முடிச்சேன்," என்று சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

மறுநாள் பாலை ஊற்றிக் கொடுத்தேன். முதல் தட்டிலேயே பிஸ்மி சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க. கப்பல் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தேன். எண்ணெயை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் தடுக்கிறவனை எப்படி நம்புவது?