பதினெட்டுக் கையெழுத்து

காலை ஐந்தரைக்கே மைதானத்தில் பதினெட்டுப் பேரும் ஓட ஆரம்பித்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. நாலு விளக்குக் கம்பங்களும் இருட்டில் சும்மா நின்றன. மின்சாரச் செலவைக் குறைக்க முதலாளி போட்ட உத்தரவு. ஏழு மணிக்கு மேல் மைதானத்தை வாடகைக்கு விட்டுவிடுவார்கள். ஆகவே சொந்த அணிக்குப் பனி ஈரமும் அரையிருட்டும்தான் பங்கு.

இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் மணல் நிரப்பிய டயர். இழுத்தபடி நூறு மீட்டர் ஓட வேண்டும், திரும்பி நூறு மீட்டர். வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது. ஈரப் புல்லும் வியர்வையும் தைலமும் கலந்த வாடை இரண்டாம் மாடி ஜன்னல் வரை ஏறியது.

அந்த ஜன்னலில் நின்றவர் கேட்ட சம்பளத்தை நறுக்கிவிடுபவர் என்பதால் ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் கத்தரி. முதுகுக்குப் பின்னால்தான் கத்தரி, நேரில் 'சார்'. கால்பந்து கிளப்பின் ஒப்பந்த அதிகாரி அவர். ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஒரு உச்சவரம்பு போட்டிருந்தது. அந்தக் கூரைக்குள் எல்லோரையும் அடைப்பது அவர் வேலை. சம்பளம் கூட்டிக் கேட்டு யார் வந்தாலும் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, ஒரே பாட்டுத்தான்.

"கூரை இடிக்குதுப்பா. உனக்கு அஞ்சாயிரம் ஏத்தினா கோல்கீப்பருக்கு அஞ்சு குறைக்கணும். அவனுக்கு ரெண்டு குழந்தைங்க. குறைக்கட்டுமா? நீயே சொல்லு."

கேட்டவன் டீயை முடிக்காமலே எழுந்து போய்விடுவான். அடுத்த நாள் கோல்கீப்பரிடமும் அதே பாட்டு, வேறு பெயர் போட்டு. சம்பளத்தைச் சக ஆட்டக்காரனிடம் சொல்லக்கூடாது என்று எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு விதி இருந்தது. அதனால் மூன்று வருஷமாக யாருக்கும் குட்டு தெரியவில்லை. கூரைக்கும் தலைகளுக்கும் நடுவே ஒரு யானை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி முதலாளியின் லாபம். அதில் பத்தில் ஒரு பங்கு கத்தரிக்கு.

அன்று, வியாழக்கிழமை, இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் டயரை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டை ஒட்டித் திரும்பினான். களைப்பே தெரியாதவன் என்பதால் அவனுக்குக் குதிரை என்று பெயர். கோட்டோரம் மழைநீர் வடிகால் ஒன்று இருந்தது. அதன் மூடி உடைந்து கிடக்கிறது என்று மைதானப் பராமரிப்பாளர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். பகலில் என்றால் கண்ணில் பட்டிருக்கும்.

அவன் கால் உள்ளே போனது. உடம்பு முன்னால் போனது. பின்னால் வந்த டயர் தன் பாட்டுக்கு வந்து இடித்தது.

அந்தச் சத்தம் இரண்டாம் மாடிக்கே கேட்டது.

ஸ்ட்ரெச்சர் அறை பூட்டிக் கிடந்தது. விளம்பரப் பலகை ஒன்றைப் பிடுங்கி, அதில் படுக்க வைத்துத் தூக்கினார்கள். முதலாளியின் சொந்தச் சிமென்ட் கம்பெனி விளம்பரம். 'என்றும் உடையாது' என்ற எழுத்தின் மேல் குதிரையின் கால் கோணிக் கிடந்தது.

முதலாளி தன் அறையில் நடைப்பயிற்சி இயந்திரத்தின் மேல் நடந்துகொண்டிருந்தார். கத்தரி எதிரே நின்றார்.

"முட்டியா?"

"முட்டிதான் சார். எட்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார்."

"எட்டு மாசம் உக்காந்து தின்பானா?"

"வேலையில பட்ட அடி சார். சம்பளமும் வைத்தியமும் நம்ம பொறுப்பு. வெளிய அனுப்பினாலும் அவன் சம்பளம் சீசன் முடியற வரைக்கும் வரம்புக் கணக்குல நிக்கும். லீக் விதி."

"அப்போ நம்ம புது ஸ்ட்ரைக்கர்? நாளைக்கு வாங்கலைன்னா அடுத்த வருஷம்தான்!"

"அவன் கேக்கற சம்பளத்தோட இதுவும் சேர்ந்தா கூரை இடிக்கும் சார்."

மூன்று வருஷத்தில் முதன்முறையாக அது உண்மையாக இருந்தது. முதலாளி இயந்திரத்தை நிறுத்தித் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவனே விலகிட்டான்னு வையி. அப்ப கணக்குல வராதில்ல? செவ்வாய்க்கிழமையே எழுதிக் குடுத்துட்டான். அடிபட்டது இன்னிக்கு. வெளி ஆளு எங்க இடறி விழுந்தா நமக்கென்ன?"

"சார், அவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?"

"நீ நீட்டினா போடுவான்யா. உன்னை நம்புறான். அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்? இந்தத் தடவை பத்துல ரெண்டு பங்கு."

கத்தரி 'முடியாது' என்று சொல்ல வாயெடுத்தார். தன் வீட்டில் பாதி கட்டி நிற்கும் மாடி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரி. மூன்று காகிதங்கள். மேலே காப்பீடு, கீழே சிகிச்சைச் சம்மதம். நடுவில் அந்த விலகல் கடிதம். வலி ஊசியின் மயக்கத்தில் குதிரைக்குக் கண் சொருகியது. "எங்க சார் போடணும்?" என்று மட்டும் கேட்டான். கத்தரி விரலால் காட்டினார்.

சாட்சிக் கையெழுத்து வேண்டியிருந்தது. அவன் மனைவி பேனாவை வாங்கினாள்.

"படிச்சுப் பாக்கணுமா அண்ணே?"

"வழக்கமான காகிதம்தாம்மா."

"நீங்க இருக்கீங்க, எங்களுக்கென்ன பயம்! காலைலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியலையே. முகம் வாடிக் கிடக்கு." பையிலிருந்த இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து அவர் கையில் திணித்தாள்.

சாப்பிடாமல் வர முடியவில்லை. அந்தப் பழம் நெஞ்சிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை காகிதம் லீக் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோதும் இறங்கவில்லை. சனிக்கிழமை வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னாச்சு உங்களுக்கு?" என்றாள் மனைவி. "வயிறு" என்றார். வயிறு என்ன பாவம் செய்தது?

ஞாயிறு மூன்று மணி. நாலு மணிக்கு ஆட்டம். வெளியே கூட்டம் நிரம்பி, தகரக் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தது. ஆட்டப் பட்டியலோடு கத்தரி உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். ஒவ்வொருவனும் தன் கைப்படக் கையெழுத்துப் போட்டால்தான் லீக் ஆட்டத்தைத் தொடங்க விடும்.

உள்ளே பதினேழு பேர்; வெள்ளிக்கிழமை வாங்கிய ஸ்ட்ரைக்கர் அடுத்த வாரம்தான் வருவான். யாரும் சீருடை போட்டிருக்கவில்லை.

கேப்டன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது, முன்பல் இரண்டு இல்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்து குதிரை வீட்டுத் தங்கச்சி போன் பண்ணுச்சு சார். குதிரைக்குக் கிளப்பு பணம் கட்டாதாம். நாளைக்கு ஆபரேஷன், காசு கட்டலைன்னா காலி பண்ணச் சொல்றாங்களாம். செவ்வாய்க்கிழமையே அவன் விலகிட்டானாம். அப்ப வியாழக்கிழமை டயர் இழுத்தது அவன் ஆவியா சார்?"

கத்தரி பட்டியலைப் பெஞ்சில் வைத்தார்.

"நான்தான்" என்றார். "நான்தான்ப்பா வாங்கினேன். காப்பீடுன்னு சொல்லி, மூணுல ஒண்ணா."

கோல்கீப்பர் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். பந்து பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. "சாட்சிக் கையெழுத்து அவன் பொண்டாட்டிதாம். அந்தப் பொண்ணையா போட வச்சீங்க?"

"விடுடா" என்றான் கேப்டன். "அடிச்சா நமக்குக் கை வலிக்கும், குதிரைக்குக் கால் சரியாகாது. நான் ஒண்ணு கேக்கறேன். என் சம்பளம் நாப்பது. உனக்கு?"

அறை திடுக்கிட்டது. யாரும் யாரிடமும் சொல்லக்கூடாத எண் அது.

"முப்பத்திரெண்டு" என்றான் கோல்கீப்பர், சட்டையை விடாமல்.

"அம்பதுன்னு சொன்னாரேடா! உனக்குக் குறைச்சிடுவாங்கன்னுதான் நான் ரெண்டு வருஷமா வாயைத் திறக்கல!"

"நாசமாப் போச்சு! எனக்கு உன் பேரைச் சொன்னாருண்ணே!"

"இருபத்தெட்டு" என்றான் ஒருவன் மூலையிலிருந்து. "பதினெட்டு." "எனக்கும் பதினெட்டு, ஆனா ஷூ நம்ம காசு." எண்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவனால்தான் எனக்குக் குறைந்தது என்று மூன்று வருஷம் பேசாமல் இருந்த இரண்டு முன்கள ஆட்டக்காரர்கள், அசடு வழிய ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினேழு பேரும் சொல்லி முடித்ததும் எல்லோர் கண்களும் கத்தரி மேல் திரும்பின. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு முப்பது" என்றார். "அது போக, உங்களுக்குக் குறைச்சதுல பத்துல ஒண்ணு. குதிரைக்கு மட்டும் பத்துல ரெண்டு."

கோல்கீப்பரின் கை தானாகச் சட்டையை விட்டது. அருவருப்பில் விட்டது.

கதவு படாரென்று திறந்தது. முதலாளி.

"என்னய்யா கூத்து இது? டிரஸ்ஸை மாட்டுங்கடா!"

"குதிரையோட பேரைத் திரும்பச் சேர்த்தா மாட்டுறோம்" என்றான் கேப்டன். "வைத்தியமும் சம்பளமும் கிளப்பு குடுக்கணும். வடிகாலையும் மூடணும்."

"நீ யாருடா எனக்குக் கட்டளை போட? பதினேழு பேரையும் இப்பவே வெளிய அனுப்பிட்டு நாளைக்கே புது அணி வாங்குவேன்!"

"வாங்க முடியாது சார்."

சொன்னது கத்தரி.

"இவங்களை நீக்கினாலும் பதினேழு சம்பளமும் சீசன் முடிய வரம்புக்குள்ளதான் நிக்கும். புது ஸ்ட்ரைக்கரை வாங்கினதோட கூரை நிரம்பிடுச்சு. பந்து பொறுக்கிப் போடற ஆளைக்கூட உங்களால சேர்க்க முடியாது. விலகல் கடிதம் எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. எழுதாதீங்கப்பா. யார் என்ன காகிதம் நீட்டினாலும் படிக்காமக் கையெழுத்துப் போடாதீங்க. நான் நீட்டினாலும்."

"உன்னை உள்ள தள்ளுறேன் பாரு! பொய்க் கடிதம் தயார் பண்ணவன் நீதானே?"

"ஆமாம் சார். அதைத்தான் எழுதப் போறேன்."

முதலாளி சிவந்த முகத்தோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியேறினார். "மைதானத்துக்குப் போற கேட்டுக்கு நாலு பேரை அனுப்பு" என்ற சத்தம் மட்டும் நடைபாதையில் கேட்டது.

ஆட்டப் பட்டியலைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் கத்தரி லீக்குக்கு எழுதினார். செவ்வாய் என்று போட்ட தேதி பொய். வாங்கியது வியாழன் மத்தியானம், மயக்கத்தில் இருந்தவனிடம். ஏமாற்றியவன் நான். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தார்.

"என்னை மன்னிச்சு..."

"அதைக் குதிரை வீட்ல போய்க் கேளுங்க" என்றான் கேப்டன். "மன்னிக்கறதும் மாட்டேங்கறதும் அந்தப் பொண்ணு பாடு. இங்க கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். அதன் கீழே கேப்டன், அப்புறம் கோல்கீப்பர். பதினேழு பேரும் முதலில் உரக்க ஒருமுறை படித்துவிட்டு, பிறகே போட்டார்கள். மொத்தம் பதினெட்டு.

மணி மூன்று ஐம்பது. மைதானத்தின் எதிர்க்கோடியில், ஆட்டத்தைக் கண்காணிக்க வந்த லீக் பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் காகிதம் போய்ச் சேர வேண்டும். அவர் வாங்குவாரா, வாங்கினாலும் படிப்பாரா, யாருக்கும் தெரியாது. நாளைய ஆபரேஷனுக்கு இருந்த சில்லறையை ஒரு துண்டில் போட்டுக் கட்டினார்கள். பாதிக்குக்கூடத் தேறாது.

சாதாரணச் சட்டையும் செருப்புமாக அவர்கள் நடைபாதையில் இறங்கினார்கள். சிலர் வெறுங்கால். வெளியே கூட்டம் தாளம் போட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தது. கத்தரி தலைகுனிந்து, பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தார்.

கோல்கீப்பர் நின்று திரும்பிப் பார்த்தான். கோபம் அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"பின்னால வராதீங்க சார். கேட்டுல அவன் ஆளுங்க நிக்கறாங்க, தனியா வர்ற ஆளைத்தான் மடக்குவாங்க. நடுவுல வாங்க."