மொட்டைக் கார்

"நீ நகரு, நான் பின்னால உட்கார்ந்துக்கிறேன்" என்று வியாகுலம்மாள் ஒரு காலைத் தூக்கிக் காருக்குள் வைத்துவிட்டாள்.

"அங்க இடமில்லம்மா. இறங்குங்க" என்றாள் மகள் பேட்ரிசியா.

இரண்டே இருக்கைகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு அரிசி மூட்டையைக் குறுக்காகப் போடலாம். ஆள் உட்கார முடியாது. இடப்பக்க இருக்கையில் பேட்ரிசியாவின் அப்பா ஸ்தனிஸ்லாஸ் நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. அடுத்த வீட்டு ரஷீதா ஓடிவந்து வியாகுலம்மாளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நீங்க போங்க டீச்சர். அம்மாவ நான் ரிக்‌ஷா பிடிச்சு அனுப்பிவைக்கிறேன்."

பேட்ரிசியா வண்டியைக் கிளப்பினாள்.

வரகனேரியில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பியபோது, அறுபத்திரண்டில், ஸ்தனிஸ்லாஸ் அதை வாங்கினார். சிவப்பு நிறம், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, மடக்கிவிடும் கித்தான் கூரை. மூன்றாம் வருடமே கித்தான் கிழிந்தது. பிறகு அதைத் தாங்கிய கம்பியும் ஒடிந்தது. ஊர் அதற்கு மொட்டைக் கார் என்று பெயர் வைத்தது.

வேறொருவர் என்றால் அந்த வண்டியை ஷெட்டில் நிறுத்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். ஸ்தனிஸ்லாஸ் அதில்தான் தினமும் வேலைக்குப் போனார். மார்க்கெட்டிலிருந்து வாழைத்தார் வந்ததும், கிறிஸ்துமஸுக்கு ஆடு வந்ததும், மகள் பள்ளிக்கூடம் போனதும் அதில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்று வாங்க ஸ்ரீரங்கம் பாலம் வரை ஒரு ஓட்டம். மழை வந்தால் குடை. வியாகுலம்மாள் மட்டும் ஏறியதே இல்லை. "ஊரே பாக்கும்" என்பாள். அப்பாவும் மகளும் காரில் பூசைக்குப் போவார்கள்; அவள் நடந்து வந்து சேர்வாள்.

சர்க்கரை வியாதி அவர் கண்ணை மங்கவைத்த பிறகு ஓட்டுவது பேட்ரிசியாவின் பொறுப்பானது. மணப்பாறையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கையில் சாவியைப் பார்த்தார்கள். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பிறகு கடிதமே வரவில்லை. "போனாப் போறாங்க" என்று அப்பா சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதையும் அவரிடம் சொன்னதில்லை.

சத்திரம் பேருந்து நிலைய வாசலில் ஒரு பஸ் பின்பக்கமாக வந்து ரோட்டை அடைத்துக்கொண்டது. பேட்ரிசியா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடிக்காத. அவன் பாத்துக்குவான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். சற்றுப் பொறுத்து, "செகண்டுல போடு" என்றார்.

போட்டாள். பஸ் விலகியது. கிடைத்த சந்தில் வண்டியை நுழைப்பதிலேயே அவள் கண்ணும் மனசும் இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பியபோது அவர் தலை கதவுப் பக்கம் சாய்ந்து கிடந்தது.

இளம் டாக்டர் ஒருவர் காருக்கே வந்தார். குனிந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். பிறகு அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"உள்ள எடுத்தா பேரு எழுதணும். போஸ்ட்மார்ட்டம் அது இதுன்னு நாளைக்குத்தான் குடுப்பாங்க. வேனும் வெளியூர் போயிருக்கு. இப்படியே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கம்மா."

டாக்டரே ஸ்தனிஸ்லாஸின் கண்களை மூடிவிட்டார். அவர் துண்டை மார்போடு இருக்கைக்குச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டார்.

வெளியே மே மாதத்து உச்சி வெயில். பேட்ரிசியா குடையை விரித்து அப்பாவுக்கும் கதவுக்கும் நடுவில் செருகினாள். வண்டி மெதுவாகத்தான் போனது. டீக்கடையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். சைக்கிள்காரர் ஒருவர் "சார்!" என்று கத்திக்கொண்டே கடந்தார். டிராபிக் போலீஸ்காரர்கூட விளையாட்டாக ஒரு சல்யூட் வைத்தார். தினமும் இத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கு இதுவரை தெரியாது. பதில் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது அவள் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள்.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய லாரி ஒன்று குறுக்கே நின்றது. காய்கறி மண்டி ஷேக் தாவூது வழக்கம்போல் கை நிறைய முருங்கைக்காயோடு வந்து இருக்கைக்குப் பின்னால் போட்டார்.

"என்ன சார், இந்த வெயில்ல தூக்கம்?"

"அசதிங்க" என்றாள் பேட்ரிசியா.

சரிந்திருந்த குடையை நிமிர்த்தக் குனிந்த ஷேக் தாவூது அப்படியே நின்றார். ஸ்தனிஸ்லாஸின் மணிக்கட்டில் கைவைத்தார். அவளைப் பார்த்தார். அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியின் முன்னால் போனார். "எடுப்பா! வண்டிய எடுன்னா எடு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மூட்டை இறக்கியவர்கள் ஒதுங்கினார்கள். மார்க்கெட் முடியும் வரை காருக்கு முன்னால் நடந்தே வந்தார்.

வீட்டு வாசலில் அப்போதுதான் ரிக்‌ஷா வந்து நின்றிருந்தது. வியாகுலம்மாள் ஒரு கையில் தண்ணீர்க் கூஜாவும் மறுகையில் மாற்று வேட்டியுமாக ஏறப்போனாள். காரைப் பார்த்தாள். குடை நிழலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள அனுப்பிட்டாங்களா!" முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. "வாயுவாத்தான் இருக்கும்னு அப்பவே நெனச்சேன். மாதாவே! இறங்குங்க, ரசம் சூடா இருக்கு."

கதவைத் திறந்தவள் துண்டின் முடிச்சைக் கண்டாள். கை கதவிலேயே நின்றுவிட்டது.

ரிக்‌ஷாக்காரர் இறங்கிவந்தார். எதிர்வீட்டு சகாயநாதன் சட்டையில்லாமல் ஓடிவந்தார். ரஷீதா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"எங்க வச்சு?" என்றாள் வியாகுலம்மாள்.

"தெரியலம்மா."

"பக்கத்துலதானே இருந்த?"

"ரோட்டப் பாத்துட்டு இருந்தேன்."

"என்னையக் கேட்டாரா?"

பேட்ரிசியாவின் கை இன்னும் கியரின் மேலேயே இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சகாயநாதன் எட்டிச் சாவியைத் திருப்பினார். தெரு ஓய்ந்தது.

ஆண்கள் இருவரும் துண்டை அவிழ்த்து, ஸ்தனிஸ்லாஸின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப்போனார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் வியாகுலம்மாள்.

திறந்த காரில் வந்ததில் அவர் தலைமுடி கலைந்து நாலாபக்கமும் நின்றது. அவள் கூஜாவைச் சாய்த்து உள்ளங்கையை நனைத்துக்கொண்டாள். முன்னாலிருந்து பின்னாலாக அழுத்தி அழுத்தி வாரிவிட்டாள். வலது காதுக்கு மேல் ஒரு கொத்து மட்டும் படியவில்லை. வெயிலில் சட்டென்று உலர்ந்து மறுபடியும் எழுந்துகொண்டது.

அவள் கூஜாவை இன்னொருமுறை சாய்த்தாள்.