நிலவாணி எழுதிய பதினான்காம் அத்தியாயம்

கம்பெனி பஸ் சிப்காட் வளைவில் திரும்பியபோது சுமலதா கைபேசியில் நிலவாணியின் தொடரில் அந்த மூன்று வரிகளை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அணையில் கழிவுநீர் பொங்கி, காற்றில் பறந்து வந்த நுரை கதாநாயகியின் இடது புருவத்தில் ஒட்டிக்கொள்கிறது. கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து வேலைக்குப் போடும் வெள்ளைக் கையுறையை எடுத்துத் துடைக்கிறான். பிறகு அதை நாலாக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொள்கிறான். கீழே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். இப்படி ஒருத்தன் எங்கே கிடைப்பான் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். எனக்குக் கிடைத்தான் என்று சுமலதாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஏழு வருடங்களுக்கு முன்னால், கெலவரப்பள்ளி அணையில் ஜெகதீஷ் அவளுக்குச் செய்தது அது. இடது புருவம் உட்பட அப்படியே. அப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, மதர்போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்துத் தள்ளும் வேலைக்கு நடுவே, சுமா ஜெகன் என்ற பெயரில் கைபேசிச் செயலியில் பத்தொன்பது காதல் தொடர்கள் எழுதிவிட்டாள். அவன் சிரிப்பு, அவன் கோபம், சாதத்தைப் பிசையும் விதம் எல்லாம் அந்தக் கதைகளுக்குள் போய்விட்டன. அந்தக் கையுறையை மட்டும் அவள் எழுதவில்லை. அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் மீதி ஒருவன்தான்.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நிலவாணினு யாரையாவது தெரியுமா?"

"யாரு, உங்க லைன்ல புதுசா வந்திருக்காங்களா?" என்றான் ஜெகதீஷ், கைபேசியிலிருந்து தலை தூக்காமல்.

இயல்பான பதில்தான். ஆனால் அவள் கதைகளில் பொய் சொல்லும் புருஷன்மார்கள் எல்லோரும் இப்படித்தான் இயல்பாகப் பேசினார்கள். அவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அவன் குளிக்கப் போனபோது அவனுடைய கைபேசியை எடுத்துப் பார்த்தாள். ஷிஃப்ட் குரூப், சீட்டு குரூப், தளியில் இருக்கும் அவன் அம்மா, இரண்டு அண்ணன்கள். சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. இத்தனை சுத்தமாக ஒரு ஆணின் கைபேசி இருக்குமா என்று அதன் பிறகு ஒரு வாரம் யோசித்தாள்.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றின் மாடியில் செயலியின் எழுத்தாளர் சந்திப்பு. வருகிறவர்கள் பட்டியலில் நிலவாணி என்ற பெயர் இருந்தது. சுமலதா இதற்கு முன் எந்தச் சந்திப்புக்கும் போனதில்லை. அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். இருபது பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் முப்பது வயதுக்காரியாக, மெலிந்தவளாக, ஜெகதீஷுக்குப் பிடித்த மாதிரி நீளப் பின்னலோடு ஒருத்தியைத் தேடினாள். அப்படி மூன்று பேர் இருந்தார்கள்.

ஒவ்வொருவராக எழுந்து கதை எங்கிருந்து வருகிறது என்று சொன்னார்கள். கிருஷ்ணகிரி நர்ஸ் ஒருத்தி, வார்டில் நோயாளிக்குத் துணைக்கு வரும் புருஷன்மார்களைக் கவனித்து எழுதுவதாகச் சொன்னாள். இன்னொருத்தி, மாமியார் டிவி சீரியல் பார்க்கும் அரைமணி நேரம்தான் தன் எழுத்து நேரம் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சுமலதா தன் முறை வந்தபோது, "எல்லாம் கற்பனைதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கடைசி வரிசையிலிருந்து ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் எழுந்தார். நூல் புடவை, கையில் மஞ்சப்பை. "நான் சரோஜம்மா. நிலவாணிங்கறது என் பேத்தி வெச்ச பேரு. எனக்குக் கற்பனையெல்லாம் வராதுங்க. கண்ணால பாத்ததத்தான் எழுதறேன்."

டீ கொடுத்த நேரத்தில் சுமலதா அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் அவளுக்குச் சிரிப்பே வந்தது.

"அந்த நுரை சீன் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அதுவும் பாத்ததுதானா?"

"பின்ன? டேம்ல ஆறு வருஷம் மீன் பொரிச்சு வித்தேன். அடுப்பு முன்னாடி நின்னா எல்லாம் தெரியும். அந்தப் பொண்ணு கம்பெனி கோட்டோட வந்திருந்தா. ஒரு பக்கமாத் திரும்பி நின்னதால இடது புருவந்தான் தெரிஞ்சுது, முழு முகம் தெரியல. பையனத்தான் நல்லாப் பாத்தேன். நாலு மணி பஸ்ல அவ போயிட்டா. கதைய அங்கயே முடிச்சிட்டேன்."

"அப்புறம் எதுவும் நடக்கலையா?"

"அத எதுக்கு கண்ணு எழுதறது. படிக்கறவங்களுக்குப் புடிக்காது."

"சும்மா சொல்லுங்கம்மா."

சரோஜம்மாள் டீயை ஊதினார். "பையன் திரும்ப என் கடைக்கு வந்தான். ரெண்டு தட்டு மீன் வாங்கிட்டு ஒக்காந்தான். கொஞ்ச நேரத்துல இன்னொரு பொண்ணு ஸ்கூட்டில வந்தா. மீனத் தொடல, அழுதுட்டே இருந்தா. அதே கிளவுஸ எடுத்து அவ கண்ணத் தொடச்சான். எனக்குச் சங்கடமாப் போச்சு. கூடப் பொறந்தவளோ, யாரோ. நான் கேக்கல."

ஜெகதீஷுக்கு அக்கா தங்கை கிடையாது. சுமலதா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"இப்பப் பாத்தா அடையாளம் தெரியுமாம்மா?"

"தெரியும். ஏன் கேக்கறே?"

"சும்மா. கதைக்குத்தான்."

கூப்பிட்டுப்போக வரவேண்டாம், நானே பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று ஜெகதீஷுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் பார்க்கவில்லை. எல்லோரும் படியிறங்கியபோது கீழே வாசலிலேயே பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். சுமலதா வேகமாக முன்னால் போகப் பார்த்தாள். சரோஜம்மாள் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பிடி ஒரு கணம் இறுகியது.

"வீட்டுக்காரரா?" என்றார் மெதுவாக.

"ஆமாம்மா."

ஜெகதீஷ் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டான். முகம் மலர்ந்திருந்தது. "ஏங்க்கா, நீங்க டேம்ல மீன் கடை போட்டிருந்தீங்க இல்ல? என்னை ஞாபகம் இருக்கா? சுமா, அன்னிக்கு நாம போனப்ப இவங்க கடைதான் அங்க இருந்துச்சு."

ஒளிக்க வேண்டியவன் இப்படிப் பேசுவானா என்று சுமலதா நினைத்தாள். மார்பு லேசாகியது. சரோஜம்மாள் மட்டும் இப்போது சிரித்து, ஆமாம்பா, அந்த ஸ்கூட்டிப் பொண்ணு யாரு என்று கேட்டுவிட்டால் போதும். அவன் ஏதாவது சொல்வான். எதுவாக இருந்தாலும் கேட்டுக்கொள்ளலாம்.

சரோஜம்மாள் அவனைப் பார்த்தார். பிறகு சுமலதாவைப் பார்த்தார். மஞ்சப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இல்லப்பா. ஆள் மாத்திச் சொல்றே. நான் அந்த டேம் பக்கமே போனதில்ல" என்று சொல்லிவிட்டு, தேன்கனிக்கோட்டை பஸ் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பைக்கில் ஏறியதும் ஜெகதீஷ் சிரித்தான். "அவங்கதான் சுமா. நல்லா ஞாபகம் இருக்கு. ஏன் இல்லைங்கறாங்க?"

அவள் பின் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வயதான பெண், இன்றைக்குத்தான் பார்த்த ஒருத்திக்காக எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? தான் பார்த்ததை எத்தனை பெரிதாக நினைத்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்? இல்லை, தன் வாயால் ஒரு குடும்பம் கலைந்துவிடக்கூடாது என்ற பயம் மட்டும்தானா? இவனும் எதையும் மறைக்காதவன் மாதிரி போய் நின்றானே, அது மறந்துபோனதாலா, அந்த அம்மாள் எதையும் கவனித்திருக்கமாட்டார் என்ற தைரியத்தாலா?

சிக்னலில் சிவப்பு எண் எண்பதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவன் எஞ்சினை அணைத்தான். "அந்த ஸ்கூட்டிப் பொண்ணு யாரு" என்ற நான்கு சொற்களும் அவள் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. பக்கத்தில் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், பஸ் குலுங்கியதில் கண் விழித்தாள். கீழே பைக்கிலிருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுமலதா நிமிர்ந்து பார்த்த பிறகும் அந்தப் பெண் கண்ணை எடுக்கவில்லை. இவளும் பார்த்ததை எழுதுகிறவளோ என்று சுமலதாவுக்குத் தோன்றியது.